தெற்கனின் கல்வெட்டு

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மியூனிக் நிலையத்தில் ரயில் ஏறினேன். என்னோடு என் இருமலும் ஏறியது. நவம்பர் மாதம், வெளியே இரண்டு டிகிரி. முந்தின நாள்தான் டாக்டரிடம் போயிருந்தேன். "நிறைய டீ குடியுங்கள், ஓய்வெடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு? எங்கள் ஊர்த் தெருமுனை டீக்கடைக்காரரே போதுமே!

இந்தக் கோபம் எனக்கு மட்டும் இல்லை. அதனால்தான் ஜெர்மனியில் இருக்கிற தமிழர்கள், என்னைப் போல மதுரைக்காரர்களானாலும் சரி, யாழ்ப்பாணத்துக்காரர்களானாலும் சரி, ஊரிலிருந்து யார் வந்தாலும் மருந்து கொண்டுவரச் சொல்வார்கள். முறுக்குக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில், பழைய சட்டைக்குள் சுருட்டி, ஒரு இருமல் மருந்து பாட்டில் வரும். என் சமையலறை அலமாரியிலும் அம்மா கொடுத்துவிட்ட பாட்டில் ஒன்று இருக்கிறது. கிளம்பும் அவசரத்தில் அதை எடுத்து வரவில்லை.

டிக்கெட் எழுபத்து நான்கு யூரோ. எசன் நகரம் வரை ஆறு மணி நேரம். அங்கிருந்து பக்கத்தில் உள்ள கெல்சென்கிர்ச்சனுக்குக் காரில் போக வேண்டும். போவது ஒரு கல்வெட்டு எழுத.

கல்வெட்டு என்றதும் நானும் உங்களைப் போல உளியைத்தான் நினைத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அது ஒரு சிறு புத்தகம். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, பிறகு தாய் புலம்பல், தமக்கை புலம்பல் என்று ஒவ்வொரு உறவின் பெயரிலும் பாட்டு. பாட்டு எழுத ஊருக்கு ஒரு புலவர் இருப்பார். எசனில் இருந்த பெரியவருக்கு இப்போது பேனா பிடிக்க முடியாதாம். அதனால் மென்பொருள் எழுதுகிற என் தலையில் விழுந்தது. இறந்தவனின் பாட்டுகளைப் பற்றி ஓர் இணைய இதழில் இரண்டு கட்டுரை எழுதியவன் என்பது மட்டுமே என் தகுதி.

அவன் பெயர் கஜன். மேடையில் தெற்கன். ராப் பாடகன். வயது முப்பத்து நான்கு.

மைன்ஸ் தாண்டியதும் ரயில் ரைன் ஆற்றின் கரையோரமாகப் போயிற்று. ஆறு சாம்பல், மலை சாம்பல், உச்சியில் இடிந்த கோட்டைகள். திராட்சைக் கொடிகள் இலை உதிர்ந்து வெறும் குச்சிகளாக நின்றன. காதில் அவனைப் போட்டுக்கொண்டேன். பொதுவாக ராப் என்றால் சரவெடி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வளர்ந்தது அப்படியில்லை. தாளம் கனமானது, சொல் இழுத்து இழுத்து வரும். அதிலும் ஹூஸ்டன் பக்கம் ஒலிநாடாவையே மெதுவாக ஓடவிட்டுக் குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆக்குவார்கள். யாழ்ப்பாணத்து இழுவைப் பேச்சு அந்த மெதுவுக்கு அப்படியே பொருந்திப் போகிறது. அவனுடைய முதல் பாட்டு, அவன் அப்பா உணவகத்தில் தட்டுக் கழுவுவதைப் பற்றியது. தண்ணீர் ஊற்றும் சத்தம்தான் தாளம். நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அன்றைக்கு முழுதாகக் கேட்க முடியவில்லை.

எசனில் இறங்கும்போது பன்னிரண்டரை மணி. நிரோஷன் காத்திருந்தான். கஜனின் பாட்டுகளுக்கு இசை சேர்த்தவன் அவன்தான். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதம். என் பையை வாங்கிக்கொண்டு, என் இருமலைக் கேட்டு ஒரு கணம் என்னைப் பார்த்தான். காரை எடுத்தான்.

பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். எசன் எங்கே முடிகிறது, கெல்சென்கிர்ச்சன் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. செங்கல் வீடுகள், மூடிய சுரங்கத்தின் இரும்புக் கோபுரம், துருக்கிக் கடைகள், மறுபடியும் செங்கல் வீடுகள். பூட்டிக் கிடந்த ஓர் இளைஞர் மன்றத்தின் முன் காரை நிறுத்தினான்.

"இஞ்சதான் அண்ணா தொடங்கினது. ஹூஸ்டனில இருந்து அவன்ர மச்சான் ஒரு சிடி அனுப்பினவன். அதைக் கேட்டாப்பிறகு அவனுக்கு வேற ஒண்டும் இல்லை. ஆஸ்பில்டுங்கை விட்டிட்டான், வேலைப் படிப்பு வேண்டாமாம். பேரையும் தெற்கன் எண்டு மாத்தினான். அவன்ர அப்பா, அங்கிளுக்கு வந்த கோவம்!"

"ஏன்?"

"நாங்கள் வடக்கில இருந்து ஓடி வந்த சனம். தெற்கில இருந்துதானே சிங்கள ஆமி வந்தது. 'நீ அந்தப் பேரோட இந்த வீட்டுப் படி ஏறாதை' எண்டிட்டார். ஒரு வருசம் கதைக்கேல்லை."

பிறகு எசனில் ஒரு கலைவிழாவில் பாடும்போது மூத்தவர்கள் மைக்கை நிறுத்தினார்கள். அந்தக் காணொளிதான் அவனைச் சூரிச்சுக்கும் பாரிசுக்கும் டொரோண்டோவுக்கும் கொண்டுபோனது. இரண்டு ஆல்பங்கள். பிறகு ஹூஸ்டனிலேயே ஒரு மாதம், அங்கே ஒரு ராப் பாடகரின் மேடையில் அவருக்கு முன்னால் பாடுகிறவனாக. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாதது அடுத்தது.

"அங்கதான் பழகினவன், அண்ணா. போதைக்கு இருமல் மருந்தைச் சோடாவில கலந்து குடிக்கிறது. அந்த மெதுப் பாட்டுக்காரர் கனபேர் அப்பிடித்தான். இஞ்ச அந்த மருந்து லேசில கிடையாது. வந்து வீட்டில இருமத் தொடங்கினான்."

நான் அவனைப் பார்த்தேன்.

"பொய் இருமல். அன்ரி பாவம், பாடிப் பாடிப் பிள்ளைக்குத் தொண்டை பழுதாப்போச்சு எண்டு நினைச்சா. யாழ்ப்பாணம், சென்னை, எங்கயிருந்து ஆர் வந்தாலும் அன்ரி கேக்கிறது இருமல் மருந்து. சனமும் கொண்டந்து குடுத்துது. மூண்டு வருசம். போன மாதம் ஒரு மத்தியானம் எழுப்பப் போக, மூச்சில்லை." ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான். "மருந்துதான் காரணம் எண்டு டாக்டர் எங்களுக்குச் சொன்னவர். அங்கிளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அன்ரிக்குத் தெரியாது. வாயைத் திறந்திடாதேங்கோ. தெரிஞ்சால் மனுசி உயிரோட இராது."

என் அலமாரியில் இருக்கிற பாட்டில்தான் நினைவுக்கு வந்தது.

வீடு மூன்றாம் மாடியில். கூடத்தில் கஜனின் படம், மாலை, அணையாத விளக்கு. அக்காவின் கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு எடுத்த படம். ஊரே பார்த்த தொப்பி இல்லை, தங்கச் சங்கிலி இல்லை. அவன் அப்பா மெலிந்த மனிதர், மீசையைக்கூட மழித்திருந்தார். தயாராக இருந்தார். வரலாறு எப்படி வர வேண்டும் என்று சொல்லச் சொல்ல நான் மடிக்கணினியில் தட்டினேன்.

"இசைத்துறையில் ஈடுபாடு கொண்டவர் எண்டு போடுங்கோ. அது காணும். கடைசியில, சில காலம் சுகவீனமுற்று இறைவனடி சேர்ந்தார் எண்டு முடியுங்கோ."

"ஐயா, தெற்கன்ங்கிற பேரு?"

அவர் படத்தைப் பார்த்தார். "போடுங்கோ," என்றார் கடைசியில். "இனி என்ன."

கஜனின் அம்மா சமையலறையிலிருந்து வந்தார். குள்ளமான உருவம், நரைத்த கொண்டை. என் இருமலைக் கேட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். எந்த யாழ்ப்பாணத்து வீடும் அந்த நேரத்தில் அலமாரியைத் திறந்து எதையாவது ஊற்றிக் கொடுத்திருக்கும். அவர் உள்ளே போனார். கொத்தமல்லியும் சுக்கும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரோடு வந்தார். "குடியுங்கோ தம்பி. சுடச்சுடக் குடியுங்கோ." நான் முழுவதும் குடிக்கும்வரை எதிரே நின்றார்.

சாப்பாடு போட்டார். முப்பத்தொன்று கழியும்வரை மரக்கறிதான். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, அப்பளம். எங்கள் மூவருக்கும் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். தமக்கென்று தட்டு எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சடங்கு மண்டபக்காரரைப் பார்க்கப் போனார். கதவு சாத்தியதும் அம்மா வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"தாய் புலம்பல் எண்டு ஒண்டு எழுதோணும் என்ன?"

"ஆமாம்மா. உங்களுக்கு என்ன சொல்லணும்னு தோணுதோ சொல்லுங்க."

"நான் குடுத்த மருந்தில பிள்ளை செத்தவன் எண்டு எழுதுங்கோ."

அம்மா என்று வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"செத்தவீடு முடிய, மிச்சமிருந்த போத்தலுகளை அப்போதெக்கவில குடுக்கப் போனனான். மருந்துக் கடைதான், தம்பி. வீணாக்காமல் ஆருக்கும் உதவட்டுமெண்டு. அங்க நிண்ட பெட்டை எழுத்தை வாசிச்சிட்டு, இவ்வளவும் ஆர் குடிச்சதெண்டு கேட்டாள். அது போதை மருந்து, அளவு மிஞ்சினால் மூச்சை நிப்பாட்டும் எண்டு எல்லாம் சொன்னாள். நான் வீட்டை வந்து ஒண்டும் கதைக்கேல்லை. எனக்குத் தெரியாதெண்டு இதுகள் நினைக்குதுகள். நினைக்கட்டும், அதுகளுக்காவது நித்திரை வரட்டும்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை. நான்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"ஊரெல்லாம் தெரிய வேணுமாம்மா?"

"தெரியோணும். எனக்குப் போத்தல் கொண்டந்து தந்த அவ்வளவு சனத்தின்ர வீட்டுக்கும் இந்தப் புத்தகம் போகும். அதுகளின்ர வீட்டிலயும் பிள்ளையள் இருக்கு. எழுதுங்கோ."

எழுதினேன். நான் புலவன் இல்லை. அவர் சொன்னதை, அவர் மகன் சொல்லியிருக்கக்கூடிய மெதுவோடு வைத்தேன், அவ்வளவுதான்.

இருமல் என்றான், மருந்தென்று கொடுத்தேன்.
எவர்வந்த போதும் போத்தலே கேட்டேன்.
உறங்கட்டும் பிள்ளை என்றுதான் ஊற்றினேன்.
உறக்கம் தெளியவே இல்லையே மகனே.

வாசித்துக் காட்டினேன். "ஓம்," என்றார். "அவருக்கும் காட்டுங்கோ. நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ." எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

எசன் நிலையத்துக்கு அப்பாதான் கொண்டுவந்து விட்டார். வண்டி நிறுத்துமிடத்தில் மடிக்கணினியைத் திறந்து அவரிடம் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார்.

"அவளுக்குத் தெரியுமோ?"

"தெரியும் ஐயா. செத்தவீடு முடிஞ்ச உடனேயே தெரிஞ்சிடுச்சாம்."

மடிக்கணினியை மூடினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இந்தப் பாட்டு வேண்டாம். எங்கட சனத்தை உங்களுக்குத் தெரியாது. வாசிச்சிட்டுத் திருந்தாதுகள். பெத்த தாயே குடுத்துச் சாகடிச்சவள் எண்டு அவளைத்தான் கதைக்குங்கள். சாகுமட்டும் கதைக்குங்கள். என்ர பிள்ளை போயிட்டான். அவளையும் விட எனக்கு ஏலாது."

அவர் சொன்னதும் நியாயம்தானே? ரயிலில் ஆறு மணி நேரம் அதையே யோசித்தேன். ரைன் இருட்டிலேயே கடந்து போயிற்று. மியூனிக் வந்ததும் கஜனின் வீட்டுக்கு இரண்டு பிரதிகள் அனுப்பினேன். ஒன்றில் அந்தப் பாட்டு இருந்தது, மற்றதில் பிள்ளையைத் தாலாட்டுகிற வழக்கமான புலம்பல். தீர்ப்புச் சொல்ல நான் யார்?

மூன்று வாரம் கழித்து ஒரு தடித்த உறை வந்தது. கல்வெட்டு. அட்டையில் பட்டு வேட்டிப் படம், கீழே கஜேந்திரன் என்ற முழுப்பெயர், அதற்கும் கீழே தெற்கன். பக்கங்களைப் புரட்டினேன். நான்கு வரியும் இருந்தன. ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் மேலே "தாய் புலம்பல்" என்ற தலைப்பு இல்லை. "தந்தை புலம்பல்" என்று இருந்தது. அடியில் கஜனின் அப்பா பெயர் மட்டும், தடித்த எழுத்தில்.

அன்றைக்கு மதுரைக்குப் போன் போட்டேன். இனிமேல் யார் வந்தாலும் இருமல் மருந்து கொடுத்துவிடாதே என்றேன் அம்மாவிடம்.

"ஏன்டா? அங்க டாக்டரு டீதானே குடிக்கச் சொல்றாரு?"

விஷயத்தைச் சொன்னேன். கல்வெட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன், தலைப்போடு, அடியில் இருந்த பெயரோடு.

"அந்தப் பொம்பள சாப்பிடுறாளாடா?" என்று கேட்டாள் அம்மா.

நான் பார்த்தவரைக்கும் இல்லை என்றேன்.