நேராகப் போன அம்புகள்

ஆறு அம்புகளும் இலக்கு அட்டையின் நடு வட்டத்தை விட்டு இடது பக்கம் தள்ளிக் குத்தி நின்றன. கை அகல தூரம். போன வாரம் இரண்டு விரல் அகலம்தான் இருந்தது.

காரைக்கால் பக்கம் நெடுங்காட்டில் என் மாமனாருடைய வயல் அது. அறுவடை முடிந்து தண்ணீர் வராத மாதங்களில் எனக்குப் பயிற்சி அங்கேதான். வாய்க்கால் கரையின் மண்மேட்டுக்கு முன்னால் அட்டையை நிறுத்தி, முப்பது மீட்டர் அளந்து நின்று அடிப்பேன். அடிப்பது குறுக்குவில்லால். துப்பாக்கி மாதிரி தோளில் வைத்து, மேலே இருக்கும் ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டில் குறி பார்த்து விசையை இழுக்க வேண்டும். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நான் இதை எதற்குச் செய்கிறேன் என்று கேட்காதவர்கள் குறைவு. ஏழு வருஷத்துக்கு முன்பு புதுச்சேரியில் ஊழியர்களுக்காக ஒரு விளையாட்டு முகாம் நடந்தது. பந்து எறியத் தெரியாது, ஓட முடியாது என்று ஒதுங்கி நின்றவளிடம் யாரோ அந்த வில்லைக் கொடுத்தார்கள். முதல் அம்பே நடுவில் போனது. அதற்கு முன்னால் எதிலும் நான் முதலாவதாக வந்ததில்லை.

"காத்தே இல்லையே," என்றார் என் கணவர். அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"இறகுங்க. இறகு சரியில்ல," என்றேன்.

அம்பின் பின்பக்கத்தில் மூன்று இறகுகள் ஒட்டியிருக்கும். பெயர்தான் இறகு, எல்லாம் பிளாஸ்டிக். அம்பு பறக்கும்போது வால் ஆடாமல் பிடித்துக்கொள்வது அவைதான். எனக்குப் பழக்கமான நீள இறகுகள் வெயிலில் ஓரம் சுருண்டிருந்தன. மாநில அணித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. புது இறகு போட்டால் சரியாகிவிடும் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

மூன்று வகை வரவழைத்தேன். பழைய மாதிரியே நீளமாக, மெத்தென்று ஒன்று. கட்டைவிரல் நீளத்தில் விறைப்பாக ஒன்று. மூன்றாவது நிஜமான பறவை இறகு. கோவில்பத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை இரண்டு வாரம் எனக்கே ஆனது. பழைய இறகை பிளேடால் சுரண்ட வேண்டும். தண்டைத் துடைத்து, ஒட்டும் அச்சில் மாட்டி, ஒவ்வொரு இறகாகப் பசை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் சாய்த்து ஒட்டினால் அம்பு சுழன்று போகும். அதிகம் சாய்த்தால் வேகம் குறையும். மூன்றில் ஒன்று வேறு நிறம். அது வில்லின் பள்ளத்துக்குள் உட்கார வேண்டியது.

ஒட்டும்போது இறகின் கோடு எனக்கு அலை அலையாகத் தெரிந்தது. மறுபடி பிய்த்து ஒட்டினேன். அப்போதும் அப்படித்தான். மலிவான சரக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

விறைப்பான இறகில் முதல் நாள் ஐந்தில் நான்கு அம்பு நடு வட்டத்துக்குள் போயின. அன்றைக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் ஐந்தும் இடது பக்கம். பறவை இறகு கடல்காற்றின் ஈரத்தில் இரண்டே நாளில் நைந்து போனது. நீள இறகில் ஓர் அம்பு அட்டையையே தொடாமல் மண்ணில் புதைந்தது. சாய்வை மாற்றினேன், பசையை மாற்றினேன். கணவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தாலே கோபம் வந்தது.

"எந்த இறகுன்னு நான் பாத்துக்குறேன். நீங்க அம்ப மட்டும் எடுத்துட்டு வாங்க," என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவர் அட்டையை நோக்கி நடந்தார்.

பூவம் போகிற சாலையில் அவருக்கு லேத் பட்டறை இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு லோடு ஆட்டோவில் இரும்பு மேசையோடு, பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸை ஏற்றி வயலுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"வில்ல இதுல இறுக்கிடுவோம். கை ஆடாது, தோள் ஆடாது. எந்த இறகு நல்லதுன்னு அப்ப தெரிஞ்சிடும்," என்றார்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அடிப்பிடியில் ரப்பர் வைத்து வில்லை இறுக்கினார். ஸ்கோப்பில் பார்த்து நடுவில் நிறுத்தியது அவர்தான். விசையில் நைலான் கயிறு கட்டித் தள்ளி நின்று இழுத்தோம். முதலில் விறைப்பான இறகு. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே இடத்தில் போயின. நான்காவது அம்பு மூன்றாவதின் வாலை உடைத்தது. நீள இறகு இரண்டு விரல் கீழே இறங்கியது, ஆனால் அதுவும் ஒரே கொத்தாக. நைந்துபோன பறவை இறகுகூட வட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. இடது பக்கம் ஓர் அம்பும் இல்லை.

நான் அட்டைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். இறகில் தப்பு இல்லை என்றால் வேறு எதில்?

"ஸ்கோப்புல ஏதாவது இருக்கும்," என்றேன்.

"வில்லு அப்படியேதான் நிக்குது. வந்து பாரு. குறி எங்க இருக்குன்னு சொல்லு."

குனிந்து வலது கண்ணை வைத்தேன். குறுக்குக் கோட்டின் நடுப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஏதோ இருந்தது. நிற்கும் கோடு பாதியில் வளைந்து, வட்டத்துக்கு வலது பக்கமாகப் போனது. இதைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் இழுத்துச் சரி செய்திருக்கிறேன்.

"வலது பக்கமா இருக்குங்க. கோடு வளைஞ்சிருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நேராத்தான் இருக்கும்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அந்தக் கண்ண வச்சுப் பாரு."

இடது கண்ணை வைத்தேன். கோடு நேராக இருந்தது. புள்ளி நட்ட நடுவில் இருந்தது. வலது கண்ணுக்கு மாற்றினேன், வளைந்தது. மறுபடி இடது. எத்தனை தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன் என்று தெரியாது. அவர்தான் என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

காரைக்காலில் பார்த்த டாக்டர் புதுச்சேரிக்குப் போகச் சொன்னார். நான்கு மணி நேரம் பேருந்தில் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் கட்டம் போட்ட காகிதத்தைக் காட்டி, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொல்லி, எங்கெல்லாம் கோடு வளைகிறது என்று பேனாவால் குறிக்கச் சொன்னார். பாதிக் காகிதத்தைக் குறித்தேன்.

"விழித்திரையோட நடுப்பகுதியில கசிவு இருக்கும்மா. ஊசி போட்டா மேல பரவாம நிறுத்தலாம். நிறுத்தப் பார்க்கலாம். ஆனா போன பார்வை திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. எப்பலேருந்து இப்படித் தெரியுது?"

"இறகு சரியில்லன்னு நினைச்சேன் டாக்டர்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. கணவர் விளக்கிச் சொன்னார். டாக்டர் கேட்டுவிட்டு, "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்," என்றார். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு மாதமும் நான் பசை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

கண்ணுக்குள் ஊசி என்றால் பயங்கரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வலி கொஞ்சம்தான். அசையாமல் படுத்திருப்பதுதான் முடியவில்லை. செய்ய ஒன்றுமே இல்லாமல், மேலே தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு.

தேர்விலிருந்து பெயரை எடுத்துவிட்டேன். புதுச்சேரியில் இருக்கும் என் பயிற்சியாளர் போனில், "இடது தோள்ல வச்சு அடிச்சுப் பாருங்க, நிறைய பேர் மாத்திக்கிறாங்க," என்றார். பார்த்தேன். இரண்டு மாதம் பார்த்தேன். இடது கண் பார்ப்பதை இடது கை கேட்கவில்லை. விசையை இழுக்கிற நேரத்தில் உடம்பே தானாக வலது பக்கம் திரும்பும். அம்புகள் மேலும் கீழுமாகச் சிதறின. ஒரு காலையில் கணவர், "இன்னைக்குப் போகலையா?" என்றார். "இல்லங்க," என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, அன்றும், அதற்குப் பிறகும்.

நான்கு ஊசி ஆகிவிட்டது. கசிவு நின்றிருக்கிறது என்கிறார்கள். வலது கண்ணின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு அப்படியே இருக்கிறது. நேராகப் பார்த்தால் எதிரே இருப்பவர் முகம் அந்தத் திட்டுக்குள் கலங்கிவிடும். இடது கண்ணால் பிடிக்க, தலையை லேசாக ஒரு பக்கம் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

போன வாரம் அலுவலகத்துக்குச் சான்றிதழ் கேட்டு ஒரு பெரியவர் வந்தார். இரண்டாவது தடவை வருகிறார். நான் அவருடைய காகிதத்தை வாங்கிக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்னப் பாத்துப் பதில் சொல்லுங்கம்மா. மூஞ்சியத் திருப்பிக்கிறீங்களே," என்றார்.

சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை. "மன்னிச்சுக்குங்கய்யா," என்று முகத்தை நேராக அவர் பக்கம் வைத்துக்கொண்டேன். அவர் முகம் அந்தத் திட்டுக்குள் போய்விட்டது. என்ன முகத்தோடு அதைக் கேட்டுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது.