ராஜகுமாரியின் மூன்று பலங்களும் ஒரு முட்டியும்

எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் ராஜகுமாரி அக்கா "ஏதோ கீறேன்" என்றுதான் சொல்வார். மகன் பாலிடெக்னிக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தபோது, "ஏதோ பாஸு பண்ணிக்கீறான்" என்றார். புது ஃபிரிட்ஜ் வாங்கியதும் அதன்மேல் ஒரு கிழிந்த சேலையைப் போர்த்தி, வீட்டுக்கு வந்தவர்களிடம் அது பழைய பீரோ என்று சொல்லிவைத்தார். அவர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டால் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுப்பார். தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது என்று கேட்கும் அளவுக்கு யாரும் நெருக்கமில்லை.

கண் பட்டுவிடும். காரணம் அவ்வளவுதான். நல்லது எதையும் வாய்விட்டுச் சொன்னால் அது போய்விடும் என்பது அவருடைய கணக்கு.

திருமழிசை தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி கார்களுக்குள்ளே பொருத்தும் பிளாஸ்டிக் துண்டுகளைச் செய்கிறது. காரில் அவை எங்கே இருக்கின்றன என்று காரை வாங்கியவருக்கே தெரியாது. ராஜகுமாரி அக்காவின் வேலை அவற்றில் கீறல், விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும். அவருக்கு முட்டி வலி. அந்த வரிசையில் லைன் லீடர் ஒருவருக்கு மட்டும்தான் நாற்காலி உண்டு. ஒரு கை உடைந்த சுழல் நாற்காலி. பழைய லீடர் வேறு வேலை கிடைத்து ஒரகடத்துக்குப் போனதும் அது காலியானது. ராஜகுமாரி அக்கா தன் இடத்திலிருந்து அதைப் பார்க்கும் பார்வையில், சாமி பார்க்கிறவர்களின் களை இருந்தது.

நாற்காலிக்கு இன்னொரு போட்டியாளர் பாபு. மெஷின் ஆபரேட்டர். பேச்சில் கெட்டிக்காரர்.

முன்பெல்லாம் லீடரை மேனேஜர் விரலை நீட்டித் தேர்ந்தெடுப்பார். இந்த முறை மேனேஜர் ஸ்ரீகாந்த், ஏதோ ஓட்டலில் நடந்த தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

"தன்னோட பலம் எதுன்னு தெரியாதவங்க அடுத்தவங்களை எப்படி வழிநடத்த முடியும் பவித்ரா?" என்று என்னைக் கேட்டார். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம் கேண்டீன்ல எல்லார் முன்னாடியும் ரெண்டு பேரும் அவங்க பலம், பலவீனத்தைச் சொல்லட்டும். நீங்க தயார் பண்ணுங்க. இது உங்களுக்கும் ஒரு டெஸ்ட்னு வச்சுக்கோங்க."

நான் மனிதவளப் பிரிவில் பயிற்சியில் இருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்குத் தயாரானபோது என் பலம் என்ன என்று அப்பாவைக் கேட்டிருந்தேன். ஆவடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் அது. அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "நல்லா சாப்பிடுவ" என்றார். அதற்குமேல் எனக்கும் எதுவும் தெரியவில்லை. அப்படிப்பட்ட நான்தான் மற்றவர்களின் பலத்தைத் தேடிக் கிளம்பினேன்.

பாபு ஒரே மூச்சில் ஒன்பது பலங்களைச் சொன்னார். ராஜகுமாரி அக்கா வாயைத் திறக்கவில்லை.

"சொன்னா பூடும் பாப்பா." மற்றவர்கள் முன்னால் நான் மேடம், தனியாக இருந்தால் பாப்பா.

"அதெல்லாம் வெறும் நம்பிக்கைக்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாற்காலி வேணுமா வேணாமா?"

அவர் நாற்காலியைப் பார்த்தார். முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு என் காதருகே குனிந்து, "என் கண்ணு" என்றார். "தலமுடி கணக்கா விரிசல் இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும்."

அடுத்த நாள் காலை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். மெட்ராஸ் ஐ.

"சந்தோஷமா பாப்பா?"

"பூந்தமல்லி பக்கம் பாதிப் பேருக்கு இருக்குக்கா. அது வைரஸ்."

"நான் கண்ணைப் பத்தி பேசுனேன்னு வைரஸாண்ட யாரு சொன்னது?"

எல்லாம் தற்செயல் என்று நிரூபிப்பதற்காகவே இன்னொரு பலத்தைக் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கம்பெனி வேனைத் தவறவிட்டதே இல்லை என்று சொன்னார். சொன்ன உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் வரவில்லை. மதியத்துக்குப் பக்கமாகத்தான் நடந்து வந்து சேர்ந்தார். குமணன்சாவடியில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் வேன்கள் எல்லாம் ஒரே இடத்தில் நின்றிருக்கின்றன. கறுப்புக் கண்ணாடி வழியாக எல்லா வேனும் ஒரே நிறம். ஏறியது இரண்டு தெரு தள்ளியிருக்கும் பிஸ்கட் கம்பெனியின் வேன்.

"எறங்குனதும் தலைக்குத் தொப்பி குடுத்தாங்க. போட்டுகினேன். நிக்கச் சொன்னாங்க, நின்னேன். ஒடஞ்ச பிஸ்கட்டா பொறுக்கினு இருந்தேன்."

"யாரும் கேக்கலையாக்கா?"

"இன்னாத்த கேக்கறது? டீ குடுத்தாங்க. நம்ம டீய விட அது சோக்கா கீது. அப்பால அங்க சூப்ரவைசரு வந்து, 'நல்லா வேலை பாக்குறீங்கம்மா'ன்னாரு. அதான், உடனே கெளம்பி வந்துட்டேன்."

மூன்றாவதை நான் கேட்கவில்லை. நான் இன்னும் நம்பவில்லை என்ற கோபத்தில் அவரே சொன்னார். எத்தனை மெஷின் ஓடினாலும் தன் குரல் வாசல் செக்யூரிட்டி வரைக்கும் கேட்கும் என்று. அன்று மாலையே தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் அவர் திட்டியது எனக்கு உதட்டசைவில்தான் புரிந்தது.

தேர்வுக்குத் தயார் செய்கிறேன் என்று ஒரு பெண்ணின் பலங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டேனோ என்று இருந்தது. இதற்குள் விஷயம் பாபுவின் காதுக்குப் போய்விட்டது. அவர் அடுத்த வேளைச் சாப்பாட்டின்போதே வேலையை ஆரம்பித்தார்.

"அக்கா, உன்னை மாதிரி பொறுமைசாலி இந்த எஸ்டேட்டுலயே கெடையாதுக்கா" என்று கேண்டீன் நடுவில் நின்று சொன்னார்.

ராஜகுமாரி அக்கா மூன்று முறை துப்பினார். விரல்களைச் சொடுக்கிக்கொண்டார். ஆனாலும் பலன் இல்லை. அன்று மாலைக்குள் இரண்டு பேரிடம் சண்டை போட்டுவிட்டார், அதுவும் குரல் இல்லாமல்.

அடுத்த நாள் அவர் பாபுவிடம் போய், "இன்னா தலைமுடி நைனா உனக்கு, கருகருன்னு" என்று கரகரத்தார். பாபு அந்த வாரம் முழுக்கத் தொப்பியைக் கழற்றவில்லை. மற்றவர்களும் பழைய பகைகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். போன வருஷம் டிபன் பாக்ஸைத் தள்ளிவிட்டவரின் சமையலை ஒருத்தி மனமாரப் பாராட்டினாள். ஷிப்ட் மாற்றிக்கொள்ள மறுத்தவனிடம் இன்னொருவன், "உன் வண்டி மைலேஜே தனி மாமே" என்று சொல்லிவிட்டு, வண்டி நிற்குமா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். புகழ வருகிறவர்களைக் கண்டு ஆட்கள் தட்டோடு ஓடினார்கள்.

ஸ்ரீகாந்த் சார் கதவருகே நின்று இதையெல்லாம் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பாராட்டுறாங்க பாருங்க பவித்ரா. ரெண்டே வாரத்துல கலாச்சாரமே மாறிடுச்சு. எப்படிப் பண்ணீங்க?"

தெரியவில்லை சார் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை வேனில் ராஜகுமாரி அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண் தேறிவிட்டது. குரல் பாதி வந்திருந்தது. செம்பரம்பாக்கம் பக்கமிருந்து வந்த லாரிகளுக்குப் பின்னால் வேன் நகராமல் நின்றது. அவர் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நான் இன்னாத்த சொல்லுவேன் பாப்பா? இருந்ததெல்லாம் பூடுச்சு. அந்த நாற்காலி பாபுக்குத்தான். அவனுக்கு முட்டி நல்லாத்தான் கீது, அவன் ஒக்காந்து இன்னா பண்ணப் போறான்?"

நானும் யோசித்தேன். யோசிப்பது ஒன்றுதான் எனக்கு வரும், அதையும் பயனில்லாமல் செய்வேன். அன்று மட்டும் ஒன்று தோன்றியது.

"அக்கா, பலத்தைப் பெருமையா சொன்னா போயிடும்னா, பலவீனத்தைப் பெருமையா சொன்னா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேன் கிளம்பி, நின்று, மறுபடி கிளம்பியது. குமணன்சாவடி வரும்வரை அவர் தன் முட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை கேண்டீன் நிறைந்திருந்தது. முதலில் பாபு எழுந்தார். சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் முட்டிக்கொண்டு நின்றது.

"என்னோட மொதல் பலம், கூட்டத்தைப் பார்த்தா எனக்குப் பயமே கெடையாது" என்றார்.

பிறகு வாயைத் திறந்தபடியே நின்றார். அடுத்த வார்த்தை வரவே இல்லை. ஸ்ரீகாந்த் சார் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்தார். மறுபடி வாயைத் திறந்தார். பிறகு போய் உட்கார்ந்துகொண்டார்.

"காலையில வடை குடுத்து, 'பாபு மாதிரி பேச ஆள் கீதா'ன்னு ஒரு வார்த்த சொன்னேன்" என்று ராஜகுமாரி அக்கா என்னிடம் முணுமுணுத்துவிட்டு எழுந்தார்.

"எனக்கு பலம்னு ஒண்ணும் கெடையாது சார். இருந்ததை மேடம் கேட்டாங்க, குடுத்துட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அவர் சேலையைச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார். அப்படி அவர் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

"ஆனா முட்டி வலி கீது பாருங்க, அதுல என்னை அடிச்சுக்க ஆளே கெடையாது. மழை வந்து ஏரிய தொறந்து விடப்போறாங்கன்னு டிவியில சொல்றதுக்கு முந்தியே என் முட்டி வீங்கிடும். பெரிய ஆசுபத்திரியில படம் புடிச்சுப் பார்த்த டாக்டரு, பக்கத்து ரூம்பு டாக்டரைக் கூப்ட்டு காமிச்சாரு. ரெண்டு பேரும் பேச்சு மூச்சில்லாம நின்னாங்க. மாடிப்படி ஏறுனா நடக்கற சத்தம் இல்ல, முட்டி சத்தம்தான் கேக்கும். இம்மாம் வலிய வச்சிகினு வேற எவளாச்சும் நின்னுடுவாளா?"

கேண்டீன் மொத்தமும் அந்த முட்டியைப் பார்த்தது. பேக்கிங்கில் இருக்கும் கோமளா, "எங்க மாமியாருக்கும் கீது, ஆனா இந்த அளவுக்கு இல்ல" என்று ஏக்கத்தோடு சொன்னாள். தங்கள் முட்டிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட சிலர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. இத்தனை கண்கள் ஒரே நேரத்தில் பட்ட முட்டி அந்தத் தொழிற்பேட்டையில் வேறு இருந்திருக்காது.

"தன்னோட பலவீனத்தை இவ்வளவு கம்பீரமா ஏத்துக்கிட்ட ஒருத்தரை நான் பார்த்ததில்லை" என்றார் ஸ்ரீகாந்த் சார். ராஜகுமாரி அக்கா லைன் லீடர் ஆனார்.

திங்கட்கிழமை வேனிலிருந்து அவர் குதித்து இறங்கினார். இறங்கியதும் அங்கேயே நின்றுவிட்டார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"பூடுச்சு பாப்பா" என்றார். "இம்மாம் வருசமா கூடவே இருந்தது."

நாற்காலியில் ஒரே ஒரு முறை உட்கார்ந்து பார்த்தார். இருப்புக்கொள்ளவில்லை. வலி இல்லாமல் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எழுந்துவிட்டார். இப்போது வரிசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஷிப்ட் முழுக்க நடக்கிறார். யாரும் பார்க்காதபோது மாடிக்கு இரண்டு இரண்டு படியாக ஏறுகிறார். நாற்காலியின்மேல் ஒரு கிழிந்த சேலை போர்த்தியிருக்கிறது. கேட்டால் பழைய மெஷின் என்கிறார்.

என்னை நிரந்தரமாக்குவதற்கு முன்னால் ஸ்ரீகாந்த் சார் என்னிடமும் அதே கேள்வியைக் கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். நான் அக்காவிடம் ஒத்திகை பார்த்தேன். "என்னை மாதிரி தன்மேலயே சந்தேகப்படுற ஆள் யாரும் கெடையாதுக்கா. கண்ணாடியில தெரியறது நான்தானான்னுகூட ரெண்டு தடவை பார்ப்பேன்" என்றேன்.

"அடேங்கப்பா" என்று வாயில் கை வைத்தார். "சூப்பர் பாப்பா. நிமிந்து சொல்லு. இன்னும் கொஞ்சம் பெருமையா."

நிமிர்ந்து சொன்னேன். என்னை நன்றாகப் பார்க்கச் சொல்லி கோமளாவையும் கூப்பிட்டார். பாபுவும் எட்டிப் பார்த்தார். தலைமுடி அவருக்கு இன்னும் முழுசாகத்தான் இருக்கிறது. ஆனால் தொப்பியைக் கழற்றுவதில்லை.

பாபு நிற்பதைக் கண்டதும் ராஜகுமாரி அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே தன் வரிசைக்குப் போனார்.