நகராத பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன்

இன்று மாத்தளை பஸ் நிலையத்தில், நாவுல ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கணவர் தண்ணீர் போத்தல் வாங்க இறங்கியிருந்தார். பஸ் முன்னால் நகரத் தொடங்கியது.

"நிப்பாட்டுங்க, எங்க வீட்டுக்காரர் இன்னும் ஏறல்ல" என்று கத்திவிட்டேன்.

கொண்டக்டர் நிதானமாகச் சொன்னார்: "எஞ்சினே ஸ்டார்ட் பண்ணல்ல மிஸ். பக்கத்து பஸ்தான் பின்னுக்குப் போகுது."

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறவள். 'பஸ் ஓடுகிறது' என்று எந்தப் பிள்ளை எழுதினாலும், 'எதைச் சார்ந்து?' என்று சிவப்புப் பேனையால் கேட்பேன்.

பின் சீட்டிலிருந்து என் மாணவி ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், நாம எதைச் சார்ந்து போனோம்?"

பக்கத்து பஸ்ஸைச் சார்ந்துதான். அந்தப் பதில் எனக்குத் தெரியும்.

நாளை முதல் பாடமே அவள் வகுப்புக்கு. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. யோசனை இருந்தால் சொல்லுங்கள்.