நொட்டாங்கை அரிவாள்

மதுரை காளவாசலில் எங்கள் நடைபாதைக் கடை வரிசையில் ஆளுக்கொரு கத்தி உண்டு. என் அன்னாசிக் கத்தி, இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடைத் தேய்த்துச் செய்தது. பலாப்பழம் விற்கிற பேயாண்டி அண்ணனுடையது முழங்கை நீளம் இருக்கும். பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருப்பார், பலாப்பால் ஒட்டாமல் இருக்க அலகில் எப்போதும் எண்ணெய் தடவி வைத்திருப்பார். அது ஏதோ ஒரு ஜமீன் வீட்டுக் கத்தி என்பார். எந்த ஜமீன் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஊர் வரும். ஆனால் நிஜமாகவே கதை உள்ள கத்தி எங்களுக்குள் ஒன்றுதான். அது இளநீர் விற்கிற ஒச்சம்மாள் அக்காவின் அரிவாள்.

பார்த்தால் மற்ற அரிவாள் மாதிரிதான் தெரியும். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, கனமானது. கையில் எடுத்து உற்றுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இளநீர் சீவுகிற அரிவாளுக்கு ஒரு பக்கம்தான் சாணை பிடிப்பார்கள், மறுபக்கம் தட்டையாக விடுவார்கள். ஊரில் உள்ள அத்தனை அரிவாளிலும் எந்தப் பக்கம் சாணையோ, அதற்கு எதிர்ப்பக்கம் அக்காவுடையதில் சாணை. ஏனென்றால் அக்கா நொட்டாங்கை. எழுதுவது, வெட்டுவது, அடிக்க ஓங்குவது எல்லாம் இடது கையில்தான்.

உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு மானாவாரி ஊரில், நிலமில்லாத கூலி வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் கையை மாற்ற வாத்தியார் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறார். ஸ்கேல்தான் உடைந்ததே தவிரக் கை மாறவில்லை. கதிர் அறுக்கப் போனால் அங்கேயும் வம்பு. வரிசையாகக் குனிந்து அறுத்துப் போகிற பெண்களில் எல்லோருடைய அரிவாளும் ஒரு பக்கம் இழுக்க, இவளுடையது எதிர்ப்பக்கம் இழுக்கும். பக்கத்தில் நிற்பவளுக்கு முழங்கை பயம். அதனால் அறுப்புக்கு ஆள் சேர்க்கிற கொத்துக்காரர் இவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். கல்யாண வீட்டில் பந்தி பரிமாற விடமாட்டார்கள். அதில் மட்டும் அவளுக்கு வருத்தம் கிடையாது. மற்ற பெண்கள் வாளி தூக்கிக்கொண்டு ஓட, இவள் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொள்வாள்.

கருப்பு என்பவரைக் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தாள். அவர் லோடு வேலைக்குப் போக, இவள் இளநீர்க் கடை போட்டாள். கடைத்தெருவில் வாங்கின அரிவாளை வைத்து முதல் மாதம் தொழில் செய்ததில் வலது கை விரல்கள் இரண்டில் தழும்பு விழுந்தது. கையை மாற்றிப் பழகு என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் அரிவாளை மாற்றப் போனாள். அவனியாபுரத்தில் அழகுமலை ஆசாரி பட்டறை.

"நொட்டாங்கைக்கு அருவா அடிக்கிறது பட்டறைக்கு ஆகாது தாயி" என்றாராம் அவர்.

"பட்டறைக்கு ஆகாட்டி என்ன, எனக்கு ஆகும்ல. அடிங்க. நான் இங்கனயே உக்காந்துருக்கேன்."

பொழுது சாயும்வரை நகராமல் உட்கார்ந்து, அடித்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். அன்றிலிருந்து அவள் சீவுகிற வேகத்துக்கு வரிசையில் ஆள் கிடையாது. சில பேர் மட்டும் முகம் சுளிப்பார்கள். வெள்ளை வேட்டி ஒருவர் ஒருநாள், "ஏம்மா, வாயில வைக்கிற பொருளை நொட்டாங்கையால வெட்டித் தாரியே" என்றார்.

"அண்ணே, நல்லாப் பாருங்க. நொட்டாங்கையில அருவா இருக்கு, சோத்தாங்கையில காய் இருக்கு. ஒங்களுக்குச் சோத்தாங்கையாலதான் தாரேன். மத்த கடையில எல்லாம் சோத்தாங்கையில அருவாளப் பிடிச்சுக்கிட்டு நொட்டாங்கையாலதான் நீட்டுறாங்க. அங்க வேணும்னா போய்க் குடிங்க."

அவர் குடித்துவிட்டு வழுக்கையும் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனார்.

போன அக்னி நட்சத்திரத்தில் பைபாஸ் பக்கம் இரண்டு கோஷ்டிக்குள் வெட்டுக்குத்து. வெட்டினவன் எவனோ, வெட்டுப்பட்டவன் எவனோ, மறுநாள் காலையில் ஸ்டேஷன் ஜீப் வந்து நின்றது எங்கள் வரிசையில். ஒரு சாக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு, நிலைமை சரியாகும்வரை கத்தி, அரிவாள் எல்லாம் ஸ்டேஷனில்தான் இருக்கும் என்றார்கள். என் ஆக்ஸா பிளேடைக்கூட விடவில்லை. அன்னாசிப்பழத்தோடு எனக்கு என்ன முன்பகை இருக்க முடியும் என்று நான் கேட்கவில்லை. மனசுக்குள் நினைத்துக்கொண்டதோடு சரி.

மற்ற எல்லோரும் மறுநாளே வீட்டிலிருந்து காய்கறி வெட்டுகிற கத்தியைக் கொண்டுவந்து சமாளித்தோம். அக்காவால் முடியவில்லை. இரவல் அரிவாளில் இரண்டு காய் சீவியதும் விரலில் ரத்தம். புதிதாக அடித்துக்கொள்ளலாம் என்று அவனியாபுரம் போனால், பட்டறைகளுக்கும் கெடுபிடி, இப்போதைக்கு அரிவாளே அடிக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று கையை விரித்தார் ஆசாரி. வருஷத்தில் இளநீருக்கு இருப்பதே அந்த வெயில் காலம்தான். குலை குலையாகக் காய் வாடிக்கொண்டிருக்க, அக்கா அதன் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்த அரிவாள் திரும்பி வராவிட்டால் அவளுக்குத் தொழிலே இல்லை என்பது வரிசைக்கே தெரியும்.

ஒருவழியாகக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஸ்டேஷன் வராந்தாவில் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டி, அவரவருடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். என்னுடையது கிடைத்தது. பேயாண்டி அண்ணனின் ஜமீன் கத்தியும் கிடைத்தது. அக்கா குவியலை மூன்று தடவை புரட்டினாள். அவளுடையது இல்லை.

மேசையில் இருந்த ஏட்டு, "அம்புட்டுத்தான் இருக்கு. கெடக்குறதுல ஒண்ண எடுத்துட்டுக் கெளம்பு" என்றார்.

"கெடக்குறது எனக்கு எதுக்கு ஏட்டய்யா? என்னோடதுதான் வேணும்."

"எல்லாம் இரும்புதான? எந்த அருவாளா இருந்தா என்ன?"

பேயாண்டி அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "விடு தாயி. இவுகளப் பகைச்சுக்கிட்டு நாளைக்கு நம்ம அங்கன கடை போட முடியாது."

அவள் அசையவில்லை. அவள் கண் ஏட்டின் இடது கையில் நின்றது. கட்டைவிரலில் பெரிய வெள்ளைக் கட்டு.

"கையில என்ன ஏட்டய்யா?"

"பைக் செயின்ல மாட்டிக்கிச்சு. ஒனக்கு என்ன அதப் பத்தி?"

சத்தம் கேட்டு எஸ்.ஐ. பவதாரிணி உள்ளிருந்து வந்தார். வயது குறைந்த பெண், அந்த ஸ்டேஷனுக்குப் புதிது. என்னம்மா பிரச்சினை என்று கேட்டார்.

"மேடம், என் அருவாளக் காணோம். அது நொட்டாங்கைக்குன்னு தனியா அடிச்சது."

ஏட்டு சிரித்தார். "நொட்டாங்கைக்குத் தனி அருவாளா? செருப்பு மாதிரி சோடியாத்தான் விப்பாகளோ?" பக்கத்தில் நின்ற போலீஸ்காரரும் சேர்ந்து சிரித்தார்.

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. எஸ்.ஐ.யைப் பார்த்தே பேசினாள். "சாணை மறுபக்கம் மேடம். சோத்தாங்கையில பிடிச்சு எளநி சீவுனா, மட்டையில எறங்காது. வழுக்கிக்கிட்டு, காயைப் பிடிச்சிருக்குற எடது கை மேலதான் வந்து விழும். கட்டைவெரல்லதான் விழும். அதனால அருவா எங்க போச்சுன்னு நான் தேட வேண்டியதில்ல. அது போன வீட்டுல கட்டுப் போட்ட எடது கை ஒண்ணு இருக்கும்."

எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. ஏட்டின் கை மெதுவாக மேசைக்கு அடியில் போயிற்று. அப்புறம் மேலே வரவில்லை. எஸ்.ஐ. அவரைப் பார்த்துவிட்டு அக்கா பக்கம் திரும்பி, "நாளைக்கு உங்க அரிவாள் உங்க கடைக்கே வரும். போங்கம்மா" என்றார்.

வெளியே வந்ததும் ஏட்டு பின்னாலேயே வருவாரோ என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கூடவே விசிலடிக்க வேண்டும் போலவும் இருந்தது. அதை அடக்கிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் மத்தியானம் அந்தச் சிரித்த போலீஸ்காரர் வந்தார். தினத்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, காய்க்குலைக்குப் பின்னால் செருகப் போனார்.

"என்ன சார் அது?" என்றாள் அக்கா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரலில்.

"ஒன் அருவாதான். சத்தம் போடாம எடுத்து வையி."

"களவாண்ட பொருள் மாதிரி பொட்டலமாக் கட்டிக் கொண்டு வாறீக. நான் எதையும் களவாங்கல சார். எங்கிட்டருந்து வாங்குறப்ப நாலு பேர் பாக்கத்தான வாங்குனீக. கொண்டு போனவுகளே வந்து, நாலு பேர் பாக்கக் குடுக்கட்டும். வாங்கிக்கிறேன்."

அவர் பொட்டலத்தோடு திரும்பிப் போனார். வரிசை முழுவதும் அக்காவைச் சூழ்ந்துகொண்டது.

"வந்ததை வாங்கிப் போடுறத விட்டுட்டு இதென்ன வீம்பு ஒனக்கு?" என்று பேயாண்டி அண்ணன் கத்தினார். "அருவா கெடைச்சா பொழப்பப் பாக்கலாம்ல."

"பொழப்புதான்ணே. இன்னைக்கு ஒளிச்சு வச்சுத் தந்தத வாங்குனேன்னா, நாளைக்கு அதக் கையில எடுக்குறப்பல்லாம் எனக்கே அது களவுப் பொருளாத் தெரியும். நான் எப்புடிண்ணே அத வச்சுத் தொழில் செய்ய?"

நான் குறுக்கே புகுந்து, "இனி அவுக தராமலே போயிட்டா என்னக்கா செய்வ?" என்று கேட்டேன்.

"தராட்டி தெனமும் ஸ்டேஷன் வாசல்ல போய் உக்காருவேன். எனக்குத்தான் யாவாரம் இல்லையே, நேரம் கெடக்கு."

ஆனால் அவள் முகம் கறுத்துத்தான் இருந்தது. வாடிய காய்களைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் திருப்பி வைத்தாள். அவளுக்குப் பயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருந்தது. ஆனால் பிடித்த வீம்பைக் கீழே இறக்கி வைக்க அவளுக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம், ரோடு நெரிசலாக இருக்கிற நேரம், பைக்கில் ஏட்டே வந்து இறங்கினார். எஸ்.ஐ. என்ன சொல்லி அனுப்பினார் என்று தெரியாது. முகம் கடுகடுவென்று இருந்தது. பையிலிருந்து அரிவாளை எடுத்து அக்காவிடம் நீட்டினார். பக்கத்துக் கடைக்காரர்கள், ஷேர் ஆட்டோவுக்கு நின்றவர்கள், காய் வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா கையை நீட்டவில்லை.

"என்ன, வாங்கிக்க."

"அருவாளக் கைக்குக் கை வாங்க மாட்டோம் ஏட்டய்யா. கீழ வைங்க."

எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. அரிவாளோ கத்தியோ, ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை போனால் இரண்டு பேருக்கும் பகை மூளும் என்பார்கள். ஏட்டும் இந்தப் பக்கத்து ஆள்தான். இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். காக்கிச் சட்டை இறுக்க, தொப்பை இடிக்க, கட்டுப் போட்ட கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்தார். அக்காவின் காலடியில் விரித்திருந்த சாக்கின்மேல் அரிவாளை வைத்தார். அவர் நிமிர்ந்து முடிக்கிறவரை அக்கா பொறுமையாக நின்றாள். பிறகு குனிந்து எடுத்துக்கொண்டாள்.

ஏட்டு அவள் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில், "இதுக்கு மேல இந்த எடத்துல நீ எப்படிக் கடை போடுறேன்னு பாத்துருவோம்" என்றார்.

அக்கா குரலைத் தணிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில வாங்க ஏட்டய்யா. போடுறப்பவே நின்னு பாக்கலாம்."