புழுத் தட்டுப் பலகையில் மிளகாய்த்தூள்

எங்கள் சமையலறையில் மசாலாச் சாமான்களுக்கென்று ஓர் இடம் இருந்ததில்லை. கடுகு, சீரகம், மிளகாய்த்தூள், மல்லித்தூள் எல்லாம் பழைய பால்பவுடர் டின்களில், மேடைக்குக் கீழே தரையில் வரிசையாக இருக்கும். கல்யாணமாகி, காரிமங்கலத்தை ஒட்டிய இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அது எனக்கு விநோதமாகப் பட்டது. அதைவிட விநோதம், தாளிப்பு மட்டும் கொல்லையில் நடப்பது. குழம்பு உள்ளே கேஸ் அடுப்பில் கொதிக்கும். மாமியார், அதாவது அத்தை, தாளிக்கும் கரண்டியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய், அங்கிருக்கும் விறகடுப்பில் கடுகையும் வரமிளகாயையும் வெடிக்கவிட்டு, கரண்டி புகையப் புகையத் திரும்பி வருவார்.

காரணம் பட்டுப்புழு. சமையலறைக்கு அடுத்த நீள அறையில் அத்தையும் மாமாவும் பல வருடம் புழு வளர்த்தார்கள். கொசுவத்தி, ஊதுபத்தி, மிளகாய் நெடி எதுவும் புழுவுக்கு ஆகாது. மசாலா டின்கள்கூட அப்போது வெளித் தாழ்வாரத்தில்தான் இருந்தனவாம். கிணற்றில் தண்ணீர் குறைந்து மல்பெரித் தோட்டத்தை எடுத்த பிறகு புழு வளர்ப்பு நின்றுவிட்டது. டின்கள் உள்ளே வந்தன, தாளிப்பு வரவில்லை. அதற்கும் ஒரு கதை உண்டு. என் கணவர் பத்தாவது படித்தபோது, கூடு கட்டப்போகும் சமயத்தில் ஒரு பேட்ச் புழு முழுக்கச் செத்துப்போனது. அன்று மழை என்று அத்தை ரசத்துக்கு உள்ளே தாளித்திருந்தார். மாமா அதைச் சொல்லிக் காட்டாத விசேஷம் இல்லை என்று என் கணவர் சொல்வார்.

பாப்பா தவழ ஆரம்பித்த பிறகு எனக்குத் தரையிலிருந்த டின்களைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. ஒரு காலை, மிளகாய்த்தூள் டின்னைத் திறந்து கையை விட்டு, அதே கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். கண் சாயங்காலம் வரை சிவந்திருந்தது, பிறகு சரியாகிவிட்டது. முந்தின நாள் அந்த மூடியை மூடியது நான்தான். சரியாக அழுத்தினேனா, இல்லையா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

சுவரில் உயரமாக ஓர் அடுக்குப் பலகை வேண்டும் என்று முடிவு செய்தேன். கணவர் ஓசூரில் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். போனில் கேட்டதற்கு, "ஆன்லைன்ல ஆர்டர் போட்டுக்கோ" என்றார். பார்த்தேன். ஒட்டுப்பலகை, பசை வாசனை போகவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு மனம் வரவில்லை. புழுத் தட்டுகளை அடுக்கி வைத்த பழைய மர ஸ்டேண்டுகள் பிரிக்கப்பட்டு மாட்டுக் கொட்டகையில் கிடந்தன. பசை இல்லை, பெயின்ட் இல்லை, வெறும் மரம். குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதைவிட நல்லது எது என்று தோன்றியது.

வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மூன்று பலகைகளை அறுத்தேன். பக்கத்துக்கு ஒன்றாக நிற்க இரண்டு கட்டைகள் வேண்டும். ஸ்டேண்டின் கால்களில் மேல்பகுதி செல்லரித்து உதிர்ந்தது. கீழே ஒரு முழ உயரத்துக்கு மட்டும் கறுத்து, வழுவழுப்பாக, பூச்சி தொடாமல் இருந்தது. அந்தப் பகுதியாகப் பார்த்து வெட்டிக்கொண்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திருகாணி முடுக்கி, கடலை எண்ணெய் தடவினேன். ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்து சுவரில் துளை போட்டு மாட்டுவதாக இருந்தது. எண்ணெய் காயட்டும் என்று சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

சனிக்கிழமை பாப்பா அந்த அடுக்கின் கட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். முதல் முறை. நான் ஓடிப்போய் போனை எடுத்துப் படம் பிடித்தேன். திரையில் பார்த்தபோதுதான் அவள் வாய் கட்டையின் மேல் இருப்பது தெரிந்தது. சப்பிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மாமா எங்களை மொபெட்டில் காரிமங்கலத்துக்குக் கூட்டிப்போய், கிளினிக் வாசலில் வண்டியோடு நின்றார். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், ஈறைத் தடவினார்.

"பல்லு வருது. சளியும் கொஞ்சம் இருக்கு. வேற எதையாவது வாயில வெச்சாளா?"

போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"பழைய மரமா? என்ன மருந்து அடிச்சிருக்காங்க?"

"தெரியலைங்க டாக்டர்."

"வீட்ல கேட்டு உடனே எனக்கு போன் பண்ணுங்க. பாப்பா இப்ப நல்லாத்தான் இருக்கா."

வீட்டுக்கு வந்ததும் அடுக்கைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு அத்தையிடம் கேட்டேன். அவருக்குச் சுருக்கென்றது.

"மருந்தா? நல்லா கேட்ட போ. புழு வெச்ச வூட்டுல மருந்து அடிப்பாங்களா? பக்கத்துக் காட்டுல தக்காளிக்கு அடிச்சாலே ஜன்னலச் சாத்திக்கிட்டு ஒக்காந்திருப்போம். புழு எடுத்ததும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி வெயில்ல போடுவோம், அவ்ளோதான். உம் புருசன் அந்த ஸ்டேண்டுக் காலைப் புடிச்சுத்தான் நடை பழகுனான். கேட்டுப் பாரு."

எனக்கு மூச்சு வந்தது. டாக்டரம்மாவின் நம்பரைத் தேடினேன். மாமா சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், குடிப்பதை நிறுத்தினார்.

"எந்தக் கட்டையில செஞ்சம்மா?"

"கால் கட்டையிலங்க மாமா. அடிப்பக்கம். செல்லரிக்காம நல்லா இருந்துச்சு."

"அது எப்பிடி அரிக்கும்" என்றார், சொம்பைப் பார்த்துக்கொண்டு.

அத்தை திரும்பினார். "ஏங்க, அப்பிடின்னா?"

"காலுக்கடியில கிண்ணம் வெச்சு தண்ணி ஊத்துனாலும் எறும்பு ஏறுச்சே. எறும்புப் பொடிய மோட்டார் ஆயில்ல கொழச்சுப் பூசுனேன். சும்மா, காலுக்கு மட்டும்."

"எப்ப?"

மாமா சொம்பைத் தரையில் வைத்தார்.

"உங்களைத்தான். எப்ப பூசுனீங்க?"

"அதான்... அந்த பேட்ச் போச்சே. அப்ப."

அத்தை அவர் எதிரே போய் நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "பூசிட்டு கையக் கழுவுனீங்களா?"

"தொடச்சேன்."

"தொடச்ச கையிலயே புழுவுக்குத் தழை போட்டீங்க."

"நெனப்பு இல்ல புள்ள."

"நெனப்பு இல்லியா? எங்கண்ணன் வூட்டுக் காதுகுத்துல பந்தியில ஒக்காந்து சொன்னது நெனப்பு இருக்குதா? 'எம் பொண்டாட்டி வெச்ச ரசம் ஜில்லாவுலயே வெல ஒசந்த ரசம்'னு. எல்லாரும் இலையப் பாத்துச் சிரிச்சாங்களே. இத்தன வருசமா மழையிலயும் வெயில்லயும் கரண்டியத் தூக்கிட்டுக் கொல்லைக்கு ஓடுறேனே, நானு பைத்தியக்காரியா?"

"சரி, ஆயிப் போச்சு..."

"ஆயிப் போச்சா!"

நான் இடுப்பில் பாப்பாவோடும் கையில் போனோடும் நடுவில் நின்றிருந்தேன். அத்தைக்கு நியாயம் கிடைத்த நேரம் அது. எனக்கு அது புரிந்தது. ஆனால் நான் கேட்டது வேறு.

"என்ன பொடிங்க மாமா? பேரு?"

"பேரு யாரு பாத்தா. மஞ்சப் பாக்கெட்டு."

அதையே டாக்டரம்மாவிடம் சொன்னேன். எச்சில் அதிகமாக வழிகிறதா, மூச்சு வாங்குகிறதா, துவண்டு போகிறாளா என்று கேட்டார். எதுவும் இல்லை. அவள் என் தாலிக்கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். பழைய பூச்சு, கொஞ்சம்தான் உள்ளே போயிருக்கும், இத்தனை நேரம் ஒன்றும் இல்லையென்றால் பயமில்லை, ஆனால் அந்தக் கட்டை வீட்டுக்குள் வேண்டாம் என்றார். சாயங்காலம் பாப்பா ராகிக் கூழ் முழுக்கச் சாப்பிட்டாள். நான் அவள் தூங்கும்வரை மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கிய பிறகும்.

மறுநாள் கணவர் வந்து கால் கட்டைகளைக் கழற்றினார். எரித்துவிடலாம் என்றார் மாமா. விஷம் புகையில் வரும் என்றேன். புதைத்துவிடலாம் என்றார் கணவர். கிணறு பக்கத்தில் இருக்கிறது என்றேன். கடைசியில் உரச்சாக்கில் கட்டி, கொட்டகைக் கூரையின் உத்திரத்தில் தொங்கவிட்டார்கள். இன்னும் அங்கேதான் தொங்குகிறது. என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை.

பலகைகளை விடுவதா, வைப்பதா என்று மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பலகையில் எதுவும் பூசவில்லை என்று மாமா பாப்பாவின் தலைமேல் கை வைக்கப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். பலகைகளை வெளியே எடுத்துப்போய்க் கழுவி, மறுபடி உப்புத்தாள் போட்டு, வெயிலில் வைத்தேன். கணவர் இரும்பு எல் ஆங்கிள் வாங்கிவந்து, பலகைகளைச் சுவரில் என் தலை உயரத்துக்கு மாட்டினார். டின்களை ஏற்றினோம். தரை காலியானது. பாப்பாவின் ராகி மாவு டின்னை மட்டும் நான் அந்தப் பலகையில் வைக்கவில்லை. பீரோவுக்குள் வைத்தேன். அத்தை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் ரசம். அத்தை பலகையிலிருந்து கடுகு டின்னை எடுத்தார், வரமிளகாயை எடுத்தார், கரண்டியைக் கேஸ் அடுப்பிலேயே வைத்தார். வழக்கத்துக்கு இரண்டு மடங்கு மிளகாய். நெடி கூடத்துக்குப் போனது. அங்கே டி.வி. பார்த்துக்கொண்டிருந்த மாமா இருமத் தொடங்கினார்.

"இருமுங்க, நல்லா இருமுங்க" என்றார் அத்தை. "எதாச்சும் செத்துச்சான்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

மாமா இருமிக்கொண்டே சிரித்தார். பாப்பா தும்மினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், அணைந்து கிடந்த விறகடுப்புப் பக்கம், நெடி அடங்கும்வரை நின்றேன்.