புறொக்டர் கந்தோரில் ஒரு கதிரை

புறொக்டர், அதாவது சட்டத்தரணியின் கந்தோரில் வேலை பார்க்கச் சட்டம் தெரிய வேண்டியதில்லை. எந்தச் சட்டப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். பட்டம் வாங்கிவிட்டு இன்னொருவரின் அலுமாரியைத் தூசு தட்டும் தோழிகளே, உங்களுக்கு இதை நான் விளக்கவா வேண்டும்?

இருமல் மருந்து

கல்முனையில் எங்கள் சட்டத்தரணி சேரின் கந்தோரில் நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். கண்ணாடி அலுமாரி நிறையத் தீர்ப்புத் தொகுதிகள். அலுமாரித் திறப்பு, அதான் சாவி, என் பொறுப்பு. மற்றச் சட்டத்தரணிகள் புத்தகம் இரவல் கேட்டு ஆள் அனுப்பினால், "சேர் ஊரில இல்ல, திறப்பு அவருக்கிட்ட" என்று நான் சொல்ல வேண்டும். பொய் சொல்லும்போது என் குரல் பாதியில் நின்றுவிடும். அதே நேரம் உள் அறையில் சேர் இருமுவார்.

என்றாலும் அந்தத் திறப்பைத் தொடும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு பெருமை. எதிர்த் தெருச் சட்டத்தரணியின் கிளாக்கர் நானா ஒருநாள் வெறுங்கையோடு திரும்பினார். வாசலில் நின்று சொன்னார்: "புள்ள, ஊரில இல்லாத சேருக்கு இருமல் மருந்து வாங்கிக் குடுங்க."

தொடாதீங்க

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் வீடும் அவளுக்குத்தான். கல்முனைக்குடியில் ஒரு வாப்பா வீட்டை மகளுக்கு வாயால் கொடுத்தார். உறுதிப் பத்திரம் எழுதுமுன் மௌத்தாகிவிட்டார். இப்போது தம்பி பங்கு கேட்கிறான். அந்த மகள் அழுதுகொண்டே எங்களிடம் வந்தாள். வாயால் கொடுத்த வீடு பற்றிய ஓர் இங்கிலாந்துத் தீர்ப்பு சேருக்கு நினைவுக்கு வந்தது. அந்தத் தொகுதி எங்கள் அலுமாரியில் இல்லை. கொழும்பில் தேடினாலும் கிடைக்குமோ தெரியாது.

எங்கள் மாடிப்படிக்குக் கீழே, கோல் எடுக்கவும் இன்டர்நெட் பார்க்கவும் ஒரு கொமினிகேசன் கடை. அங்கே ஷமீலா என்றொரு பெண் இருந்தாள்; என்னைவிட இளையவள், கம்பியூட்டர் படித்தவள், யாரோடும் பயமில்லாமல் கதைப்பவள். பல நாட்டுப் பல்கலைக்கழகத்தார் ஒன்றுசேர்ந்து, சட்டங்களையும் தீர்ப்புகளையும் எல்லோருக்கும் இலவசமாக இன்டர்நெட்டில் திறந்துவைத்திருக்கிறார்கள் என்று அவள்தான் சேருக்குச் சொன்னாள். தொலைபேசி லைன் பலமுறை அறுந்தது. பிறகு நாங்கள் தேடிய தீர்ப்பு வரி வரியாகத் திரையில் இறங்கியது. அங்கே பூட்டும் இல்லை, இருமலும் இல்லை.

நான் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்றேன். தீர்ப்பில் என் மனம் போகவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் நான் உட்கார வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. தைரியத்தைத் திரட்டி விரலை நீட்டினேன். அவள் திரும்பாமலே சொன்னாள்: "ராத்தா, தொடாதீங்க, லைன் வெட்டுப்படும்."

ஒரே கடை

அச்சடித்த தாள்களைச் சேர் அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். உலகமே பார்க்கக்கூடியதை எதற்குப் பூட்டுவது என்று நினைத்தேன். பூட்டினேன்.

வழக்கு நாளன்று சேர் அதை வாள் உருவுவதுபோல் எடுத்தார். தம்பிக்காக எதிர்த் தெருச் சட்டத்தரணியும் எழுந்தார். அவர் கையிலும் அதே தீர்ப்பு. ஷமீலாவின் பிரின்டர் எல்லாத் தாளிலும் இடப்பக்கம் இழுக்கும் கறுப்புக் கோடும் அதே கோடுதான். எங்கள் சேர் ஒரு பந்திக்குக் கீழே கோடு போட்டிருந்தார். அவர் அடுத்த பந்திக்கு. நீதிபதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வீடு அக்காவுக்கே என்று பிறகு இரு பகுதியும் சமாதானமாகிவிட்டது. ஆனால் ஊர் மறக்காதது அன்று நீதிபதி கேட்டதைத்தான்: "ரெண்டு பேரும் ஒரே கடையிலயா வாங்கினீங்க?"

கதிரை

வெட்கத்தில் சேர் ஒரு முடிவெடுத்தார். இனிக் கீழே போவதில்லை, கந்தோருக்கே கம்பியூட்டர். எனக்கு நித்திரை போனது. காட்போட் மட்டையில் கீபோட் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக வரைந்து வீட்டில் விரல்களைப் பழக்கினேன். "இதென்ன புள்ள, மட்டையத் தட்டித் தட்டி ஓதுறா?" என்று உம்மா சிரித்தா. சேரிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. திறப்பு வைத்திருப்பவளிடம்தானே தருவார், கேட்பானேன் என்றிருந்தேன்.

பெட்டிகள் வந்திறங்கிய அன்று சேர் என்னைக் கூப்பிட்டார். "கீழ போய் ஷமீலாவக் கூட்டிட்டு வாங்க. இனி அவ இஞ்சதான் வேல."

படியிறங்கிப் போனேன். கூட்டிவந்தேன். அவள் வயர்களைச் செருகினாள், கதிரையில் உட்கார்ந்து பார்த்தாள், சிரித்தாள். எவ்வளவு நல்ல சிரிப்பு! அதற்கும் சேர்த்து எரிந்தது எனக்கு. பிறகு என் மேசைப் பக்கம் திரும்பினாள்: "ராத்தா, இந்தக் கதிர சரியான பதிவா இரிக்கி, மேசைக்குக் கை எட்டுதில்ல. உங்கடயத் தருவீங்களா?"

சட்டத்தை எல்லோருக்கும் இலவசமாக்க எத்தனையோ நாட்டார் கைகோத்தார்கள். என் பங்குக்கு நான் ஒரு கதிரை கொடுத்தேன்.