புகார்ப்பெட்டியின் ஒன்றரை நிமிடம்

செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, இடது காலை மடித்து நாற்காலியில் போட்டுக்கொண்ட பிறகுதான் முதல் அழைப்பை எடுப்பாள். மூன்றாவது மணி அடிக்க விடமாட்டாள். "சொல்லுங்க" என்பாள். மறுமுனையில் இருப்பவர் சொல்லமாட்டார், கத்துவார். மூன்று நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, வந்தாலும் துருவாக வருகிறது, இங்கே இப்படி இருக்க அடுத்த தெருவில் குழாய் உடைந்து ஆறாக ஓடுகிறது. இவள் காகிதத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டுக்கொண்டே "ம்" கொட்டுவாள். ஒரு மனு கொடுக்கப் போனபோது எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த அரைமணியில் ஏழு பேர் திட்டினார்கள். ஏழாவது ஆளிடமும் முதல் ஆளிடம் பேசிய அதே குரல்.

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறாள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் புகார்ப்பெட்டி. அதற்காக அவள் கோபித்துக்கொண்டதில்லை. "பெட்டின்னா ஒரு மூடியாவது இருக்கும் பெரியம்மா, எனக்கு அதுவும் இல்ல" என்பாள் என்னிடம்.

அவளிடம் ஒரு கணக்கு உண்டு. மேசைக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவளே கண்டுபிடித்தது. "எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல கத்த முடியாது. மூச்சு வாங்கணும்ல. அந்த ஒன்றரை நிமிஷம் நாம குறுக்க பேசக் கூடாது, பயப்படக் கூடாது, பதில் யோசிக்கவும் கூடாது. அவன் மூச்சு வாங்கறப்போ நாமளும் வாங்கிக்கணும்." இன்னொன்றும் சொல்வாள். போனை வைத்தவுடன் அந்த ஆளை மறந்துவிட வேண்டும். மறக்காவிட்டால், ஒரு பாவமும் அறியாத அடுத்த ஆள் வாங்கிக்கட்டிக்கொள்வார்.

வீட்டில் கதை வேறு. எங்கள் மாடியில் பக்கத்து வீடுதான் அவளுடையது, சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். தன் சொந்த போன் அடித்தால் எடுக்கமாட்டாள். குக்கர் விசில் அடித்தால் "இரு, இரு, லைன்லயே இரு" என்று அதட்டுவாள். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிற மனிதர். அவரை 'வா, போ' என்றுதான் பேசுவாள், கோபம் வந்தால் 'யோவ்'. அவருக்கும் அதில் குறையில்லை. ஊராருக்கெல்லாம் 'ங்க' போட்டுத் தீர்ந்துபோய், மிச்சம்தான் வீட்டுக்கு வருகிறது என்பார்.

பயந்தால் மட்டும் அவளுக்கு மரியாதை கூடிவிடும். இது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் நானும்.

அவளுக்குத் தலைப்பிரசவம். டாக்டர் குறித்த நாள் தாண்டிப் பத்து நாள் ஆகியும் வலி வரவில்லை. வயிற்றுக்குள் தண்ணீர் குறைந்துகொண்டு வருகிறது, இனிக் காத்திருக்க வேண்டாம், வலியை வரவழைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மூன்று பேருமாக ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து படியேறும்போது அவள் இரண்டாவது மாடியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "பதினோரு வருஷமா வர்ற போனைத்தான் எடுத்திருக்கேன் பெரியம்மா. நாமளே போன் போட்டு, 'வாங்க, வந்து திட்டிட்டுப் போங்க'ன்னு யாரையாவது கூப்பிட்டிருக்கோமா?" சிரித்தாள். பிறகு கணவரைப் பார்த்து, "கொஞ்சம் பையைப் பிடிக்கிறீங்களா?" என்றாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. அன்று சாயங்காலமே என் கதவைத் தட்டினார். "என்னையே 'ங்க' போடறா பெரியம்மா. நீங்க கூட இருங்க. நான் உள்ள வந்தேன்னா பக்கத்துக் கட்டில்ல எனக்கும் ஒரு டிரிப் போட வேண்டியிருக்கும்."

அவளுடைய அம்மாவுக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும். நானோ நோயாளிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். அதனால் நான் போனேன்.

பிரசவ அறை சுத்தமாக இருந்தது. மூன்று கட்டில், நடுவே திரை, ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம். மற்ற இரண்டு கட்டிலும் காலி. முதல் நாள் வைத்த மாத்திரையில் கருப்பை வாய் இளகியிருந்தது, வலி மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. காலை பத்து மணிக்கு வலியை வரவழைக்கும் மருந்தோடு டிரிப் ஏற்றினார்கள். வயிற்றில் ஒரு பட்டை கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைப் பக்கத்தில் இருந்த இயந்திரத்தில் ஓடவிட்டார்கள். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். நூற்று நாற்பது, நூற்று நாற்பத்திரண்டு. கையில் ஊசி குத்தும்போது நர்ஸிடம், "தயவுசெஞ்சு மெதுவா குத்துங்க, உங்களுக்கு சிரமம் இல்லன்னா" என்றாள். குத்தி முடித்தபின் நன்றியும் சொன்னாள். ஒரு வாக்கியத்தில் எத்தனை 'ங்க' என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு வந்தால் நல்ல பயம்.

மூச்சை எப்படி இழுப்பது, எப்படி விடுவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்த முறை ஒன்று உண்டு. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் முதல் வலி வந்துவிட்டது. அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். "சொல்லுங்க" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஐம்பது நொடியில் கண்ணைத் திறந்தாள். "ஒரு நிமிஷம்கூட இல்ல. சின்ன புகார்." தண்ணீர் கேட்டு இரண்டு மடக்குக் குடித்தாள். அடுத்த வலிக்கு நாலு நிமிட இடைவெளி. அந்த நாலு நிமிடத்தில் தோளைத் தளர்த்தி, தாடையைத் தளர்த்தி, ஏறக்குறையத் தூங்கியே விட்டாள். பிள்ளை பெற வந்தவர்கள் பலர் வலி இல்லாத நேரத்திலும் அடுத்த வலியை நினைத்து இறுகிப்போய்க் கிடப்பார்கள். பாதி களைப்பு அதில்தான் வரும். இவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் இடுப்பைத் தேய்த்துவிட்டேன், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன், மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு நடத்திக் கூட்டிப்போனேன். டிரிப் கம்பியைத் தானே உருட்டிக்கொண்டு வருவாள்.

பதினொன்றரைக்கு டிரிப்பின் வேகத்தைக் கூட்டினார்கள். வலி ஒரு நிமிடத்தைத் தாண்டியது. "ஆமாங்க. புரியுதுங்க. தப்புதாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். வேலை அப்படி என்றேன். வலி குறைய ஊசி வேண்டுமா என்று நர்ஸ் கேட்டதற்கு, "அதை ஹோல்டுல போடுங்க சிஸ்டர், நானே கூப்பிடறேன்" என்றாள். நர்ஸ் வெளியே போய்ச் சிரித்தது கேட்டது.

மதியம் மறுபடியும் வேகம் கூட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரு கால்மணி நேரம் இருக்கும். என் மணிக்கட்டைப் பிடித்தாள். இதுவரை கட்டிலின் கம்பியைத்தான் பிடித்திருந்தாள்.

"பெரியம்மா, கணக்கு தப்புது."

"என்ன தப்புது?"

"ஒருத்தன் போனை வைக்கறதுக்குள்ள இன்னொருத்தன் பேசறான். நடுவுல மூச்சு விட இடம் இல்ல. இப்படி வராது. வரக் கூடாது."

நான் அவள் வயிற்றில் கையை வைத்தேன். வலி போன பிறகு வயிறு இளக வேண்டும், பிசைந்த மாவு மாதிரி. அது பலகை மாதிரியே இருந்தது. மணியை அழுத்தினேன். நர்ஸ் வருவதற்குள் குதிரையின் ஓட்டம் மாறிவிட்டது. நூற்றுப் பத்து, தொண்ணூறு, எண்பத்தைந்து.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. நர்ஸ் டிரிப்பை நிறுத்தினார். இரண்டு பேருமாக அவளை இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்தோம். டாக்டரம்மா வந்தார். யாரும் குரலை உயர்த்தவில்லை. அவள் இயந்திரத்தை மட்டும் பார்த்தாள். எண்பத்தைந்து. எண்பத்தெட்டு. அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தொண்ணூற்றாறு. நூற்றுப் பதினைந்து. என் மணிக்கட்டில் அவள் விரல்கள் பதிந்த இடம் மறுநாள் வரை சிவந்திருந்தது. நூற்று முப்பத்தெட்டில் போய் நின்றபோது வயிறு இளகியிருந்தது.

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். வலி ஒன்றின் மேல் ஒன்றாக வந்ததால் குழந்தைக்கு மூச்சு முட்டியிருக்கிறது. இப்போது சரியாகிவிட்டது. அரைமணி பார்ப்போம். அதன் பிறகு இரண்டு வழி. குறைந்த வேகத்தில் மறுபடி டிரிப் போடலாம். வேண்டாமென்றால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். இரண்டும் பாதுகாப்பானதுதான், நீயே சொல்.

டாக்டரம்மா போன பிறகும் அவள் இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலி அவளுக்கு இப்போது புதிதில்லை. பயம் இடம் மாறிவிட்டது. "நானே சம்மதிச்சு ஏத்திக்கிட்டது பெரியம்மா. அதுதான் குழந்தையோட கழுத்தைப் பிடிச்சுது" என்றாள். நான் சமாதானம் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சமாதானம் யாருக்கும் உதவாது. "சந்தேகம் இருந்தா கேளு. கேக்கறதுக்குத்தானே அவங்க இருக்காங்க" என்றேன்.

நர்ஸ் வந்ததும் கேட்டாள். படுத்தபடியே கேட்டாலும், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பது போலத்தான் இருந்தது.

"இதுக்கு முன்னால எவ்வளவு வேகத்துல ஓடுச்சு?"

நர்ஸ் சொன்னார்.

"இப்போ எவ்வளவுல ஆரம்பிப்பீங்க?"

"அதுல பாதி."

"கூட்டறதா இருந்தா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் கூட்டணும்."

"சொல்றோம்மா."

"மறுபடி இறங்கினா?"

"உடனே நிறுத்திட்டு ஆபரேஷனுக்குப் போயிடுவோம். எல்லாம் தயாரா இருக்கு."

"இந்த மெஷின் ஓடறதை யாரு பார்த்துட்டே இருப்பாங்க?"

"நான்தான். ஆறு மணி வரைக்கும் எனக்கு வேற கட்டில் இல்ல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, போடு" என்றாள்.

நர்ஸுக்கு அந்த ஒருமை உறைத்ததோ என்னவோ. எனக்குப் பாதி உயிர் வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் போய், "'ங்க' போயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார்.

இரண்டாம் முறை வலி ஒழுங்காக வந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒன்று, நடுவே வயிறு நன்றாக இளகியது. நாலரை மணிக்கு மேல் ஒன்றரை நிமிடத்தைத் தொட்ட வலிகள். ஒவ்வொன்றும் முடியும்போது கண்ணைத் திறக்காமலே "எவ்வளவு?" என்பாள். நூற்று நாற்பது என்பார் நர்ஸ். அடுத்த வலிக்கு அதுதான் அவளுக்குச் சோறு. தொண்டையில் கீச்சென்று கத்தினால் சக்தி போய்விடும், அடிவயிற்றிலிருந்து மாடு மாதிரிக் கத்து என்று நான் சொன்னேன். கத்தினாள். பதினோரு வருடமாகச் சேர்த்துவைத்திருந்த கத்தல் போலிருக்கிறது. கதவுக்கு வெளியே வேன்காரர், பிள்ளைகளின் கூச்சலுக்குப் பழகியவர், காதைப் பொத்திக்கொண்டாராம்.

கடைசிக்கு முந்தின வலியில் அவளுடைய எல்லா மரியாதையும் காற்றில் போனது. "வைடா போனை" என்றாள், அறையே அதிரும்படி.

"அதான், அதே மாதிரி, இன்னும் ஒரு தடவை" என்றார் நர்ஸ்.

ஐந்து ஐம்பதுக்குக் குழந்தை பிறந்தது. பெண். வந்ததும் ஒரு பாட்டம் அழுதது. நான் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நொடிதான். துடைத்து, தாயின் நெஞ்சில் குப்புறப் போட்டு, மேலே ஒரு துணியைப் போர்த்தினார்கள். தையல் எதுவும் தேவைப்படவில்லை. அவள் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பசிக்கிறது என்றாள், என்ன இருந்தாலும் கொண்டுவரச் சொன்னாள்.

நர்ஸ் வயிற்றிலிருந்த பட்டையை அவிழ்த்துச் சுருட்டி, இயந்திரத்தை அணைத்தார். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் அறை திடீரென்று பெரிதானது போல இருந்தது. அவள் சட்டென்று தலையைத் திருப்பி இயந்திரத்தைப் பார்த்தாள். பிறகு துணியை விலக்கிக் குழந்தையின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளங்கைக்குக் கீழே ஓடும் துடிப்பை, உதட்டை மட்டும் அசைத்து எண்ணினாள்.

கதவைத் திறந்துகொண்டு அவள் கணவர் வந்தார், முகமெல்லாம் பல். "யாரு மாதிரி இரு..." என்று ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. டிரிப் ஊசி இருந்த கையாலேயே அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, தலையைக் கீழே அமுக்கி, அவர் காதைக் குழந்தையின் முதுகில் வைத்தாள்.